கல்லடியில் சனிக்கிழமை இசை இரவு: குழுவுக்கு முழு மார்க், கடைக்குப் பாதி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு கல்லடியில் கடற்கரைக்குப் போகும் பக்கம் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில் சனிக்கிழமை இரவுகளில் நேரடி இசை வைக்கிறார்கள். டிசம்பரில், மாரி மழை விடாமல் கொட்டிய ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு போயிருந்தோம். பாடிய குழு அருமை. அந்தக் குழுவைக் கடை நடத்திய விதம் சரியில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அன்று பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் மறுநாள் என்னைக் கண்டபோது "குரூப் சரியில்லை, ஒரே இரைச்சல்" என்று சொன்னார். அந்த இரைச்சலுக்கும் குழுவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை அவருக்குச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. சின்ன இடம், இப்போதுதான் காலூன்றுகிறார்கள், நான் சொல்லும் குறைகள் எல்லாம் பெரிய செலவில்லாமல் திருத்தக்கூடியவை, ஒரு இரவை வைத்துப் பெயரைக் கெடுக்க எனக்கு மனமில்லை. கல்லடி ஆட்களுக்கு எந்தக் கடை என்று எப்படியும் விளங்கும்.

இடம் எப்படி என்றால், நாற்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் ஒரு மண்டபம். கீழே பளபளவென்று டைல், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, மேலே சீலிங் அடிக்காத தகரக் கூரை. சாப்பிட வருகிறவர்களுக்குப் பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் பாட்டுக்கு இந்த மூன்றும் எதிரி. ஸ்பீக்கரில் இருந்து வரும் சத்தம் டைலிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பி வந்து, அடுத்த சத்தத்தோடு கலந்துவிடும், சொல் ஒன்றும் விளங்காது. ஒரு பக்கச் சுவரில் தடித்த திரைச்சீலை தொங்கவிட்டாலே பாதி சரியாகும். மேடை என்பது மூலையில் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை அடித்த இடம். அந்த மேடைக்கு நேர் மேலே டிவி. மேடையில் இருந்து நாலைந்து எட்டு வைத்தால் கொத்து ரொட்டி போடும் இரும்புத் தட்டு. இந்த இரண்டையும் யார் அந்த இடத்தில் வைக்கச் சொன்னார்களோ, அவர்கள் ஒரு நாளாவது மேடையில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

குழுவில் ஐந்து பேர். கீபோர்ட், பேஸ் கிட்டார், ஒக்டபேட், கிட்டாரும் பாட்டுமாக ஒரு தம்பி, பாடுவதற்கு ஒரு தங்கச்சி. கல்முனை, அக்கரைப்பற்று, மட்டக்களப்பு என்று மூன்று ஊர்ப் பிள்ளைகள், தமிழரும் முஸ்லிமுமாகச் சேர்ந்த குழு. அக்கரைப்பற்றில் இருந்து வருகிறவர் அந்த மழையில் ஏ4 வீதி நெடுக மோட்டார் சைக்கிளில், பேஸ் கிட்டாரை உரப்பையால் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சட்டை நனைந்தபடியே இருந்தது, கிட்டாரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

சொந்தப் பாட்டு பாடும் குழு இல்லை இது. எண்பதுகள் தொண்ணூறுகளின் தமிழ்ப் படப்பாட்டுகள், நம் நாட்டுப் பொப்பிசை, ஆடவைக்கும் பைலா, இரண்டு மூன்று சிங்களப் பாட்டு, ஒன்றிரண்டு ஹிந்தி என்று எல்லாம் மற்றவர்கள் பாடியவைதான். "அடுத்தவன் பாட்டைப் பாடுகிறதுதானே, அதில் என்ன இருக்கிறது" என்று இப்படிப்பட்ட குழுக்களைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்காது. ஸ்டூடியோவில் வயலின் வரிசை, புல்லாங்குழல், கோரஸ் எல்லாம் வைத்துப் பதிவு செய்த ஒரு பாட்டை ஐந்து பேர் எடுத்து வாசிக்கும்போது எதை விடுவது, எதைக் கட்டாயம் வைப்பது, விட்டதை யார் கையால் நிரப்புவது என்று ஒவ்வொரு பாட்டுக்கும் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு சரியாக இருந்தால்தான் நாம் "ஆ, அந்தப் பாட்டு" என்று நிமிர்வோம். அதிலும் எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் சும்மா தாளத்துக்குப் பின்னால் போகாது, அது தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகும். அதை ஒழுங்காக வாசிக்க ஒரு ஆள் இல்லாவிட்டால் அந்தப் பாட்டைத் தொடவே கூடாது. இந்தக் குழுவில் அந்த ஆள் இருக்கிறார்.

ஒக்டபேட் பற்றியும் ஒரு வார்த்தை. ரோலண்ட் கம்பனி 1985 இல் கொண்டுவந்த சாமான் அது, எட்டுத் தட்டு, குச்சியால் தட்டினால் டிரம், தபேலா, டோலக், தவில் என்று வேண்டிய சத்தம் வரும். முழு டிரம் செட்டுக்கு இடமில்லாத மேடைக்கு இதைவிட நல்ல வழி இல்லை, சத்தத்தையும் குமிழைத் திருகிக் குறைக்கலாம். ஆனால் எட்டும் ஒரே அளவு ரப்பர் என்பதால் சிலர் எல்லாவற்றையும் ஒரே பலத்தில் தட்டிக்கொண்டே போவார்கள், கேட்கிறவருக்குச் சலித்துவிடும். இந்தத் தம்பி அப்படி இல்லை. பல்லவியில் மெதுவாகத் தொட்டு, சரணம் முடிந்து திரும்ப வரும்போது மட்டும் கையை உயர்த்துகிறார், அந்த வித்தியாசம் பின்வரிசை வரை தெரிகிறது.

சரி, அன்று நடந்ததுக்கு வருவோம். தொடங்குவதே ஏழரைக்கு என்று சொல்லி எட்டு மணிக்குத்தான். காரணம் கடைதான். மேடைக்கு என்று தனி பிளக் இல்லை. கீபோர்டுக்கு ஒரு சுவரில் இருந்து, ஸ்பீக்கருக்கு இன்னொரு சுவரில் இருந்து, பேஸ் அம்ப்ளிஃபயருக்குச் சமையலறை ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருந்து என்று வயர் இழுத்துக் கொடுத்திருந்தார்கள். அப்படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கத்தில் இருந்து கரண்ட் எடுத்தால் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓர் அடித்தொண்டை இரைச்சல் நிற்காமல் வரும், எர்த் பல பக்கமாகச் சுற்றுவதால் வருகிற வினை. பக்கத்து மேசைக்காரர் சொன்ன இரைச்சல் இதுதான். பேஸ் வாசிப்பவர் ஒன்றும் பேசாமல் எல்லா வயரையும் கழற்றி, தான் கொண்டுவந்த நீள வயர் மல்டி பிளக் ஒன்றில் எல்லாவற்றையும் மாட்டினார். முக்கால்வாசி இரைச்சல் அதோடு போய்விட்டது. கடையில் நின்ற ஒருவர் "தம்பி, ஃபிரிட்ஜைக் கழற்றிப் போடாதேங்க" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். உதவிக்கு ஒருவரும் வரவில்லை.

அன்று டிவியில் கிரிக்கெட். பாட்டுத் தொடங்கியதும் சத்தத்தை நிறுத்தினார்கள், படத்தை நிறுத்தவில்லை. மேடைக்கு நேர் மேலே படம் ஓடினால் என்ன ஆகும்? எல்லோரும் மேடையைப் பார்ப்பது போலத்தான் இருந்தது, பாடுகிற பிள்ளையின் தலைக்கு ஒரு முழம் மேலே பார்த்தார்கள். பாட்டின் நடுவில் விக்கெட் விழுந்தால் ஒரு சத்தம், நாலு அடித்தால் ஒரு கைதட்டு. முதல் மூன்று பாட்டும் இப்படியே போயின. எழுந்து போய்க் கல்லாவில் சொன்னேன். "மேட்ச் முடியட்டும் அண்ணன், சனம் கேட்குது" என்றார்கள். பாட்டுக்கென்று ஆளுக்கு 1500 ரூபா டிக்கெட் வாங்கியவர்கள் சொல்லும் பதிலா இது? மேட்ச் பார்க்க வீட்டில் டிவி இருக்கிறது.

பிறகு மழை. மாலையில் இருந்தே தூறிக்கொண்டிருந்தது, எட்டரைக்கு மேல் பிடித்த பிடி வேறு. சீலிங் இல்லாத தகரத்தில் மாரி மழை விழுந்தால் எப்படி இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, லொறியில் இருந்து மணலைக் கொட்டுவது போல ஓயாத ஒரே இரைச்சல். அதில் முதலில் அடிபடுவது பாட்டின் சொற்கள். மெட்டுக் கேட்கும், தாளம் கேட்கும், என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது. சத்தத்தைக் கூட்டலாம் என்று நினைப்போம், கூட்டினால் அந்தக் கண்ணாடி மண்டபத்தில் மைக் கீச்சிடும்.

அப்போது அந்தக் கிட்டார்த் தம்பி செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், எங்கள் மேசை மேடையை ஒட்டித்தான். பாட்டு வரிசை ஒரு கொப்பி ஒற்றையில் எழுதி மைக் ஸ்டாண்டில் ஒட்டியிருந்தது. அடுத்து வரவேண்டியவை மூன்று மெல்லிய பாட்டுகள், சொல்லுக்காகக் கேட்கிற பாட்டுகள். பேனையை எடுத்து அந்த மூன்றையும் வட்டமிட்டு ஒற்றையின் கடைசிக்கு அம்புக்குறி போட்டார், கடைசியில் இருந்த பைலாக்களை மேலே இழுத்தார், திரும்பி மற்ற நாலு பேருக்கும் விரலால் எண்ணைக் காட்டினார். அரை நிமிடம் கூட ஆகவில்லை. பைலா ஏன் என்றால், அதன் சொல் எல்லோருக்கும் தெரியும், மேடையில் இருந்து கேட்காவிட்டாலும் சனம் பாடிக்கொள்ளும், அந்த 6/8 தாளம் எந்த மழையையும் ஊடுருவி வரும். அப்படித்தான் நடந்தது. இரண்டாவது பைலாவில் பின்மேசையில் இருந்த ஒரு பிறந்தநாள் வீட்டு ஆட்கள் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். அதற்குப் பிறகு டிவியைப் பார்த்தவர்கள் குறைவு.

பைலாவில் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் வயலின் வைத்துக் கப்பிரிஞ்ஞா வாசித்து ஆடுவார்கள். போர்த்துக்கேயர் காலத்தின் மிச்சமாக இந்த ஊரில் வந்த சொத்து அது, பைலாவுக்கு நெருங்கிய சொந்தம். அதைக் கேட்டு வளர்ந்த காதுக்குக் கீபோர்டில் வயலின் சத்தம் போட்டு வாசிப்பது நிறைவாக இல்லை. வில் இழுக்கும்போது வருகிற அந்த உரசல், ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததுக்கு வழுக்குகிற வழுக்கல், கீபோர்டில் வராது. இந்த ஊரில் வயலின் வாசிக்கப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பாடும் தங்கச்சியே கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம் படித்தவர் என்று இடைவேளையில் பேசும்போது தெரிந்தது. அங்கே கூடப் படித்த ஒரு வயலின் பிள்ளையைப் பைலாப் பகுதிக்கு மட்டும் கூட்டி வந்தாலே இந்தக் குழு இன்னொரு படி ஏறிவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். 'யாழ் நூல்' எழுதிய சுவாமி விபுலானந்தர் காரைதீவில் பிறந்தவர், அவர் பெயரில் ஓர் இசைக் கல்விக்கூடம் கல்லடியில் இருக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அங்கே படித்து வெளியே வருகிற பிள்ளைகளுக்கு ஊரில் மேடை எங்கே இருக்கிறது? கோயில் திருவிழா, கல்யாண வீடு, பாடசாலை விழா. வாராவாரம் காசு கொடுத்துக் கேட்க சனம் வரும் சின்ன மேடைகள் நம் பக்கம் மிகக் குறைவு. அதனால்தான் இந்தக் கடை செய்வது பெரிய காரியம் என்று நினைக்கிறேன், அதனால்தான் அதை அரைகுறையாகச் செய்யும்போது கோபம் வருகிறது.

எட்டே முக்காலுக்குக் கரண்ட் போனது. கும்மிருட்டு. பேஸ் வாசிப்பவர் முதலில் செய்த வேலை, போன் வெளிச்சத்தில் ஸ்பீக்கரையும் அம்ப்ளிஃபயரையும் கீபோர்டையும் ஓஃப் செய்து மல்டி பிளக்கைக் கழற்றியது. ஜெனரேட்டர் போடும்போது கரண்ட் ஏறி இறங்கி வரும், மாட்டியபடி விட்டால் ஸ்பீக்கர் அடிபட்டுப் போகும். அந்தச் சாமான்கள் அவர்களுடைய உழைப்பு, கடையுடையது இல்லை. ஜெனரேட்டர் உயிர் பெற இருபது நிமிடம் ஆனது. அதுவரை கிட்டார்த் தம்பி மைக் இல்லாமல் மேசை மேசையாகப் போய்ப் பாடினார். மழைச் சத்தத்தில் ஒரு மேசைக்குப் பாடுவது அடுத்த மேசைக்குக் கேட்கவில்லை, இருந்தாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஜெனரேட்டர் வந்த பிறகு நடந்ததுதான் அன்றைய இரவில் எனக்கு மிகவும் பிடித்த இடம், மண்டபத்தில் பலருக்குத் தெரிந்தே இருக்காது. தங்கச்சிக்குத் தடிமன். தொண்டை அடைத்திருப்பது முதல் பாட்டிலேயே தெரிந்தது, மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது. அவர் ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பாட்டை அன்றைக்கு நாலு கட்டைக்கு இறக்கிக்கொண்டார்கள். கீபோர்டில் இதற்கு ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது, இரண்டு தரம் அழுத்தினால் போதும், விரல் பழைய இடத்திலேயே வாசிக்கும், சத்தம் இரண்டு அரைச்சுருதி கீழே வரும். பாட்டு நன்றாக வந்தது, அந்தப் பிள்ளை மூக்கடைப்போடேயே நிதானமாகப் பாடிக் கரை சேர்த்தார். அடுத்தது ஆண் பாட்டு. கீபோர்ட்காரர் பட்டனைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார். தொடக்க இசை கீபோர்ட் மட்டும்தான், அதனால் யாருக்கும் தெரியவில்லை. பேஸும் கிட்டாரும் சேர்ந்த அந்த நொடியில் ஒரு பயங்கரமான அபஸ்வரம், கீபோர்ட் ஒரு சுருதியில், மற்ற இரண்டும் இன்னொரு சுருதியில்.

இந்த இடத்தில் பல குழுக்கள் நிறுத்திவிடும், இல்லையென்றால் கீபோர்ட்காரர் பதறிப்போய்ப் பட்டனை அழுத்துவார், அழுத்தினால் பாட்டு நடுவில் சுருதி எகிறும், பாடுகிறவர் தடுமாறுவார். இங்கே பேஸ் வாசிப்பவர் இரண்டாவது அடியிலேயே கையை இரண்டு கட்டம் (ஃப்ரெட்) கீழே இறக்கிவிட்டார். இறக்கிக்கொண்டே கிட்டார்த் தம்பியைப் பார்த்து இரண்டு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். தம்பி ஒரு வரி கிட்டாரைத் தொடவில்லை, பாட மட்டும் செய்தார், புதுச் சுருதியில். அடுத்த வரியில் கிட்டாரும் வந்து சேர்ந்தது. ஒக்டபேட் ஒரு அடி பிசகாமல் போய்க்கொண்டே இருந்தது. கீபோர்ட்காரருக்கு அப்போதுதான் விளங்கி, அவர் முகம் மாறியது. பட்டனைத் தொடாமல் அப்படியே வாசித்தார். சரணத்தில் ஒரு வரி மிகவும் கீழே போகும் பாட்டு அது, இறக்கிய சுருதியில் தம்பியின் குரலுக்கு எட்டாது. அந்த வரி வந்ததும் அவர் அதை ஒரு ஸ்தாயி மேலே எடுத்து மெதுவாகப் பாடினார், கேட்பவருக்கு வேண்டுமென்றே செய்த மாற்றம் போல இருந்தது. பாட்டு முடிந்ததும் ஒருவரும் கீபோர்ட்காரரை முறைக்கவில்லை. பேஸ் வாசிப்பவர் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார்.

வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி செய்து, எல்லாம் சரியாக இருக்கிற மேடையில் நன்றாக வாசிக்கப் பல பேரால் முடியும். நான் ஒரு குழுவை வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவதா இல்லையா என்று முடிவெடுப்பது இப்படிப்பட்ட ஒரு நிமிடத்தைப் பார்த்துத்தான்.

மழை குறைந்த பிறகு ஒதுக்கி வைத்த அந்த மெல்லிய பாட்டுகள் வந்தன. அதற்குள் மேட்சும் முடிந்துவிட்டது, டிவியும் நின்றது. அந்த மூன்று பாட்டும் ஏழரைக்கே கேட்டிருக்க வேண்டிய விதத்தில் கேட்டோம். பேஸ் தனியாக நடப்பது, தங்கச்சியின் குரல் தடிமனால் கொஞ்சம் கரகரத்தது, அதை மறைக்காமல் அவர் மெதுவாகவே பாடியது எல்லாம் நன்றாகக் கேட்டன. ஒரு ஐந்து பாட்டாவது முழு அமைதியில் கேட்கக் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

பொப்பிசைப் பகுதியும் உண்டு. 2018 இல் காலமான பொப்பிசைப் பாடகர் ஏ.ஈ. மனோகரன் காலத்துப் பாட்டுகளை எடுத்தார்கள். பிறந்தநாள் வீட்டில் வந்திருந்த ஒரு பெரியவர், எழுபது தாண்டியிருக்கும், மேடைக்குக் கிட்ட வந்து "மனே, அந்தப் பாட்டை அவரை மாதிரியே பாடு" என்று கேட்டார். தம்பி "ஐயா, அவரை மாதிரிப் பாட ஏலாது, பாட்டைப் பிழையில்லாமல் பாடுறன்" என்றார். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்தது, பாடியதும் அப்படியே. படப்பாட்டு பாடும்போது மட்டும் இதே தம்பி மூலப் பாடகரின் குரலையே பிடிக்கப் பார்க்கிறார், மூக்கால் இழுப்பது, சொல்லின் கடைசியில் ஒரு நெளிவு. அது வேண்டாம். அவருடைய குரலே நல்ல கனமான குரல்.

குழுவிடம் வேறு குறை என்றால், மைக்கில் எக்கோ அளவுக்கு மேல். ஏற்கனவே எதிரொலிக்கிற மண்டபத்தில் எக்கோவை முழுக்க நிறுத்திவிட வேண்டும். இரண்டு பாட்டில் கீபோர்டின் தானியங்கித் தாளத்தையும் போட்டு ஒக்டபேடையும் வாசித்தார்கள், இரண்டும் ஒன்றோடொன்று இடித்தன. அந்த ஒக்டபேட் தம்பி இருக்கும்போது தானியங்கித் தாளம் எதற்கு? ஹிந்திப் பாட்டுகளில் உச்சரிப்புச் சுமார்.

துண்டில் எழுதிக் கொடுத்தால் கேட்ட பாட்டைப் பாடுகிறார்கள், தெரியாத பாட்டென்றால் தெரியாது என்று மைக்கிலேயே சொல்கிறார்கள், அரைகுறையாகப் பாடி ஒப்பேற்றுவதில்லை. வெளிநாட்டில் இருந்து லீவில் வந்த ஒருவர் ஒரே பாட்டை மூன்றாம் தரமும் கேட்டு மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தார். கடைக்காரர் ஒருவரும் கிட்டே வரவில்லை. தங்கச்சிதான் "அண்ணன், பல்லவியை நீங்க பாடுங்க, மறுகா நாங்க வேற ஒண்டு தாறம்" என்று சொல்லி, அவர் நாலு வரி பாடியதும் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தடிமனோடு பாடும் ஒரு பிள்ளை பார்க்க வேண்டிய வேலையா அது? கடையில் ஓர் ஆள் மேடைப் பக்கம் நின்றிருக்க வேண்டும்.

பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் நிறுத்தினார்கள். 2007 இல் உச்ச நீதிமன்றம் சொன்னதில் இருந்து இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. சனம் இன்னொன்று இன்னொன்று என்று கத்தியது, கடைக்காரரே "ஒண்டு பாடுங்க தம்பி, பிரச்சினை இல்லை" என்றார். குழு மறுத்துவிட்டது. செய்தது சரி. பிரச்சினை வந்தால் சாமானைப் பறிகொடுப்பது அவர்கள்தான், சுற்றிவர வீடுகளில் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஏழரைக்கே தொடங்கியிருந்தால், கரண்ட் போனதும் ஜெனரேட்டர் வந்திருந்தால், இன்னும் பத்துப் பாட்டுக் கேட்டிருக்கலாம்.

சாப்பாடு பற்றிச் சொல்லாமல் விட்டால் கடைக்கு அநியாயம். நண்டுக் கறி உண்மையிலேயே நன்றாக இருந்தது, வாவி நண்டு, சதை இறுகி, உறைப்பும் முருங்கையிலை வாசமும் சரியான அளவில். இறால் கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டது. சட்டித் தயிரும் பாணியும் நம் ஊரில் பிழைக்காது, இங்கேயும் பிழைக்கவில்லை. கொத்து ரொட்டி ருசிதான், ஆனால் மெல்லிய பாட்டின் நடுவில் அந்த இரும்புத் தட்டில் இரண்டு தகட்டாலும் அடிக்கிற சத்தத்தைச் சகிக்க முடியாது. பாட்டு நடக்கும் நேரம் கொத்து இல்லை என்று ஒரு பலகை எழுதிவைத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். இல்லையென்றால் தட்டைப் பின்பக்கம் கொண்டுபோகட்டும், இடம் இருக்கிறது.

கடைக்காரருக்கு நான் நேரிலும் சொன்னது இதுதான்: மேடைக்குத் தனியாக ஒரு நல்ல எர்த்தோடு ஒரே பிளக் போர்ட், பாட்டு நேரத்தில் டிவி நிறுத்தம், ஜெனரேட்டரை வாரம் ஒரு தரமாவது ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது, குழுவுக்கு இடைவேளையில் சாப்பாடு. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அன்று அந்த ஐந்து பேருக்கும் பத்தேகாலுக்குத்தான் சாப்பாடு கிடைத்தது, அதுவும் பார்சலாக. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் அந்த மழையில் திரும்பிப் போக வேண்டிய பிள்ளைகள். கடைக்காரர் முழுக்கக் கேட்டார், பிளக் வேலையை அடுத்த கிழமையே செய்விப்பதாகச் சொன்னார். செய்வார் என்று நம்புகிறேன், கேட்ட விதம் அப்படி.

போக விரும்புகிறவர்களுக்கு: மேடைக்கு இடப்பக்கம் இரண்டாவது மேசை கேளுங்கள், ஸ்பீக்கர் நேராகக் காதில் அடிக்காது, பேஸ் வாசிப்பவரின் கையும் தெரியும். கண்ணாடிப் பக்கம் வேண்டவே வேண்டாம். மாரி முடியும் வரை ஏழு மணிக்கே போய்விடுங்கள், வாகனம் விடும் இடத்தில் தண்ணீர் நிற்கும். குழுவை வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட நினைத்தால் கடையைக் கேட்காதீர்கள், இடைவேளையில் கிட்டார்த் தம்பியையே கேளுங்கள், முன்பணம் எவ்வளவு, என்னென்ன சாமான் அவர்கள் கொண்டுவருவார்கள், எது நீங்கள் ஒழுங்கு செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறார். நாங்கள் மார்ச்சில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பேசியிருக்கிறோம், வயலினும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.